முதல் கட்டையை வைத்த கை

எனக்குக் கைராசி உண்டு என்று விருத்தாசலத்தில் ஒரு ஷெட்டே நம்பியது. பதினோரு வருஷம் நம்பியது. நானும் கூடச் சேர்ந்து நம்பினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அப்புறம் எழுதுவது எல்லாமே பொய்யாகிவிடும்.

எங்கள் ஷெட்டில் செய்வது பியூஸ் கட்டை. வீட்டு மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக, வழவழவென்று இருக்குமே, கரண்ட் போனால் முதலில் பிடுங்கிப் பார்ப்போமே, அதுதான். மண்ணை அச்சில் அமுக்கி எடுத்து, பலகையில் அடுக்கிக் காயவைத்து, பளபளப்புக்காகக் கிளேஸ் தண்ணீரில் முக்கி, டிராலியில் ஏற்றிச் சூளைக்குள் தள்ளுவார்கள். வெந்து ஆறி வெளியே வந்த பிறகு என் மேஜைக்கு வரும். நான் பொறுக்குகிறவள். ஒரு கட்டையை இன்னொரு கட்டையால் தட்டிக் கேட்பேன். நல்லது ணங் என்னும். விரிசல் விட்டது டொக் என்னும். இரண்டிலும் சேராமல் முனகுவது சந்தேகத் தட்டுக்குப் போகும். சாயங்காலம் அந்தத் தட்டை அப்படியே மைத்தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தால், விரிசல் இருக்கிற கட்டையில் நீலக் கோடு தெரியும். கோடு தெரியாவிட்டால் அது நல்ல கட்டை. சந்தேகம் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு கட்டையையும் நான் குப்பையில் போட்டதில்லை.

கட்டைக்குக் காட்டிய நியாயத்தை ஒரு பெண்ணுக்குக் காட்டாமல் போனேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒவ்வொரு முறை சூளைக்கு ஏற்றும்போதும் மேஸ்திரி டிராலிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார். முதல் கட்டையைக் கைராசிக்காரர் ஒருவர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஏற்றலாம். இந்த ஊரில் பல ஷெட்டுகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வழக்கமாக வைக்கிற அம்மா வரவில்லை. "இந்தாம்மா, நீ வையி" என்றார் மேஸ்திரி. வைத்தேன். அந்தச் சூளை அருமையாக வந்துவிட்டது. என் கைராசிக்கு இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் வைத்து நன்றாக வந்தால் என் கை. நான் வைத்தும் கெட்டுப்போனால் மழை, இல்லாவிட்டால் சூளை எரிக்கிற கேஸ், இல்லாவிட்டால் புதிதாக வந்த மண் லோடு. ஒரு தடவைகூட என் கையைக் குறை சொன்னதில்லை. பொங்கலுக்குப் புடவை எடுக்கும்போது எனக்கு மட்டும் முதலில் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வார் முதலாளி. யாருக்குத்தான் கசக்கும்?

என் வீட்டுக்காரரின் அக்கா பேத்திக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் காதுகுத்து. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் லீவு சொல்லிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலையில் ஏற்ற வேண்டிய சூளை. நான் இல்லை என்றதும், மூன்று மாதம் முன்னால் சேர்ந்த ஒரு பெண்ணை மேஸ்திரி வைக்கச் சொல்லியிருக்கிறார். மங்களூர் பக்கத்துப் பெண். கடலோரத்து மங்களூர் இல்லை, எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர். இரண்டு பஸ் மாறி வருவாள். ஏற்றுகிற வேலை அவளுக்கு. பேசுவதே காதில் விழாது.

புதன்கிழமை காலையில் நான் வந்தபோது அந்தச் சூளையில் வெந்தது என் மேஜையில் இருந்தது. தட்டினேன். டொக். அடுத்தது டொக். அதற்கடுத்ததும் டொக். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னாம்மா இது, பாதிக்குப் பாதி போயிடும் போலருக்குதே?"

கட்டைகள் கையில் வெதுவெதுப்பாக இருந்தன. அதைக் கவனித்தேன். கவனித்தும் அதைப் பற்றி ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. என் மண்டைக்குள் வேறொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. நான் இல்லாத அன்றைக்குத்தான் கெட்டிருக்கிறது! எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்து மறைக்க நான் தயாராக இல்லை.

"நான் இருந்திருந்தா இப்புடி ஆயிருக்குமா, மேஸ்திரி? கண்டவங்க கையில குடுத்தா இப்புடித்தான் ஆவும்" என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த கட்டையைத் தட்டப் போய்விட்டேன். பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஜங்ஷன் ஸ்டாண்டில் ஓட்டுகிறார். ஊரில் பிறக்கிற எந்தச் செய்தியும் அந்த ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்காமல் வீடு போய்ச் சேராது.

"ஒங்க ஷெட்டுல யாரோ ஒரு பொண்ணு ஈரக் கட்டையா ஏத்திச் சூளையவே காலி பண்ணிட்டாளாமே?" என்றார், கால் கழுவிக்கொண்டே.

"ஈரக் கட்டையா? யாரு சொன்னா?"

"ஸ்டாண்டு பூரா அதான் பேச்சு. போன் பேசிக்கிட்டே ஏத்துனாளாம். மங்களூர் பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் மண்ணு வேலை ஒத்து வராதாம். கைராசியே இல்லாதவளாம்."

"போன் பேசுனத யாரு பாத்தாங்களாம்?"

"நீதான்."

"நானா?"

"நீதான் கண்ணால பாத்தியாம். மேஸ்திரிகிட்ட நீதான் சொன்னியாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ், அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எங்க இருந்த?"

"அடப்பாவி! ஸ்ரீமுஷ்ணத்துல உன் அக்கா பேத்தி காதுகுத்துல இருந்தேன்யா! நீதான ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போன!"

"ஆமால்ல" என்றார். துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் இத்தினி பேரு சொல்றாங்கன்னா..." என்று இழுத்தார்.

மனுஷன் தானே ஓட்டிக்கொண்டு போன ஆட்டோவை நம்பவில்லை. ஸ்டாண்டில் கேட்ட பேச்சை நம்பினார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் இதில் முதல் திட்டு வாங்க வேண்டியவள் நான்.

ஷெட்டு ஆட்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப்பு இருக்கிறது. அதைத் திறந்து, வந்திருந்த வாய்ஸ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டேன். என் மேஜையில் கட்டையைப் பொறுக்குகிற மாதிரி அந்தப் பேச்சைப் பொறுக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"போன் பேசிக்கிட்டே ஏத்துனா" என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். எங்கள் ஷெட்டில் கேட்டிலேயே போனை வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குத்தான் கையில் கிடைக்கும். ஏற்றியது காலையில். ஆகவே அது சுத்தப் பொய், தட்டிப் பார்க்கவே வேண்டாம்.

"ஈரத்தோட ஏத்தியிருப்பா" என்று இன்னொருத்தி. இது ஊகம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சந்தேகத் தட்டில் போட வேண்டியது. ஆனால் அதற்கு அடுத்த வாய்ஸிலேயே அது "ஈரத்தோட ஏத்திட்டாளாம்" என்று நல்ல கட்டைகளோடு போய்ச் சேர்ந்திருந்தது. நடுவில் யாரும் மைத்தண்ணீரில் முக்கவில்லை.

"மங்களூர் பக்கத்து ஆளுங்களுக்கு ஒத்து வராது" என்றது ஒரு ஆண் குரல். "இது என்னா சொல்லு?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அது அவன் அபிப்பிராயம்."

"அபிப்பிராயம்னா அவ வேலையப் பாத்துட்டுச் சொல்லணும்யா. அந்தாளு ஷெட்டுப் பக்கமே வர்றதில்ல, ஆபீஸ் ரூம்புல உக்காந்திருக்கிற ஆளு. இது அபிப்பிராயம்கூட இல்ல, வயித்தெரிச்சல்."

கடைசியில் என் பேச்சு மிச்சம் இருந்தது. நான் இருந்திருந்தால் இப்படி ஆயிருக்காது. அதை எந்தத் தட்டில் போட? நான் எதையும் பார்க்கவில்லை. காரணம் இதுவாக இருக்குமோ என்று யோசித்துக்கூடச் சொல்லவில்லை. வெறும் பெருமை. பெருமைக்கு என் மேஜையில் தட்டே கிடையாது. ஆனால் மற்ற எல்லாப் பேச்சும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது, பதினோரு வருஷக் கைராசிக்காரியே சொல்லிவிட்டாளே என்று.

வியாழக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் டிபன் பை. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"மேஸ்திரி வர வேணாம்னுட்டாராம்க்கா" என்றாள். "நான் என்னாக்கா தப்பு பண்ணேன்? ஒவ்வொரு பலகையிலயும் எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துனேன்."

காய்ந்த கட்டை கன்னத்தில் வைத்தால் சாதாரணமாக இருக்கும். ஈரம் இருந்தால் ஜில்லென்று இருக்கும். ஏற்றுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவள் பார்த்தேன் என்கிறாள். நான் பார்க்கவில்லை. பாவமாக இருக்கிறது என்பதற்காக அவள் பேச்சையும் நான் அப்படியே நல்ல கட்டைகளோடு சேர்த்துவிட முடியாது.

"பக்கத்து ரெண்டு ஷெட்டுலயும் கேட்டுட்டு வந்தேன்க்கா. 'நீதானா அந்தப் பொண்ணு'ங்கறாங்க. கைராசி இல்லாதவன்னா யாருக்கா சேத்துப்பாங்க? இதுவும் போச்சுன்னா கொழந்தையத் தூக்கிக்கிட்டு அண்ணன் வூட்டுக் கொட்டாயிலதான் போயிக் கெடக்கணும். ஒரு வேளைச் சோத்துக்கு நூறு பேச்சுக் கேக்கணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "மத்தியானம் வரைக்கும் போவாத. டீக்கடையில இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஷெட்டுக்குப் பின்னால் உடைசல் குவியல் இருக்கிறது. புதன்கிழமைக் கட்டைகளை நானே கூடை கூடையாக அங்கே தள்ளியிருந்தேன். எனக்கு ஒரு யோசனை. யோசனைதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு கட்டையை எடுத்து விரிசல் மேல் கட்டை விரலால் தடவினேன். சுருக்கென்றது. ரத்தம் வந்துவிட்டது.

வேலை தெரிந்த யாருக்கும் இது தெரியும், தெரிந்தும் அன்று யாரும் தடவிப் பார்க்கவில்லை. ஈரத்தோடு ஏற்றினால் கட்டை சூடு ஏறும்போதே விரிசல் விடும். அதற்குப் பிறகுதான் கிளேஸ் உருகும். உருகிய கிளேஸ் விரிசலின் ஓரத்தில் வழிந்து, ஓரம் மழுங்கி, தடவினால் வழவழப்பாக இருக்கும். கையைக் கிழிக்காது. வெந்து முடிந்து கிளேஸ் இறுகிய பிறகு, ஆறும்போது குளிர்காற்று பட்டு விரிசல் விட்டால் ஓரம் பிளேடு மாதிரி நிற்கும். குவியலில் உட்கார்ந்து ஒரு கூடை முழுக்கத் தடவினேன். இரண்டே இரண்டில் ஓரம் மழுங்கியிருந்தது. மற்றதெல்லாம் பிளேடு.

அப்போதுதான் அந்த வெதுவெதுப்பு நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை ஏற்றிய சூளை எப்போதும் புதன்கிழமை சாயங்காலம் ஆறி, வியாழக்கிழமைதான் என் மேஜைக்கு வரும். இது புதன்கிழமை காலையிலேயே, சூட்டோடு வந்திருக்கிறது. நான் தொட்டேன். என் கைதான் தொட்டது. கைராசிக்காரியின் கை!

பதினொரு மணி டீக்கு முதலாளி வந்தார். கட்டைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் போன் மேல் போன் போட்டதில் எரிச்சலாக இருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்றார். சூளை எரிக்கிற அண்ணன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் டம்ளரோடு இருந்தோம். நான் கூடையைக் கொண்டுபோய் முதலாளி காலடியில் வைத்தேன்.

"சார், இத ஒண்ணு தடவிப் பாருங்க."

"என்னாம்மா இது, டீ குடிக்கிற நேரத்துல?"

"தடவிப் பாருங்க சார்."

தடவினார். "ஸ்ஸ்" என்று விரலை உதறினார். நான் விரிசலைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சொல்லத் தேவையே இல்லை, அவர் இந்த மண்ணிலேயே வளர்ந்தவர். பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

"ஏத்துனவ மேல தப்பு இல்ல சார். இது ஆறும்போது விட்ட விரிசல்."

மேஸ்திரி குறுக்கே வந்தார். "அப்ப யாரோ முன்னாடியே சூளையத் தொறந்துட்டாங்கங்கறியா? யாரச் சொல்ற?"

என் நாக்கு நுனியில் அவர் பேர்தான் இருந்தது. அவர்தான் திறக்கச் சொல்லியிருப்பார் என்று என் மனசு அடித்துச் சொன்னது. இரண்டு நாளாக முகம் செத்துக் கிடந்ததும் அவர்தான். அந்தப் பெண்ணை வர வேண்டாம் என்றதும் அவர்தான். சொல்லியிருந்தால் அன்று கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்றிருப்பார்கள். கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"நான் யாரையும் சொல்லல, மேஸ்திரி. கட்டை புதன்கிழமை காலையில சூடா இருந்துச்சு. அது நான் தொட்டது. விரிசல் கையக் கிழிக்குது. அது எல்லாரும் தொட்டுப் பாக்கலாம். கதவ யாரு தொறந்தாங்க, எப்பத் தொறந்தாங்கன்னு நான் பாக்கல. பாக்காததச் சொல்லி ஒரு பொண்ணு வேலை போனது போதும்."

சூளைக்கார அண்ணன் எழுந்து நின்றார்.

"நான்தாம்மா தொறந்தேன். வேணாம்னு சொன்னேன். லாரி வந்து நிக்குது, கதவக் கொஞ்சமாத் தூக்கி வுடுன்னாங்க." அவர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. நேராக முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லாரிக்காரன் கத்திக்கிட்டு இருந்தான்ல" என்றார் மெதுவாக.

எனக்குப் பயமாகிவிட்டது. முதலாளியை எதிர்த்துவிட்டோமே என்று அல்ல. இன்னும் அரை நிமிஷம் நான் வாயை அடக்காமல் இருந்திருந்தால், மேஸ்திரியை எல்லார் முன்னாலும் குற்றவாளி ஆக்கியிருப்பேன். இரண்டு நாளில் இரண்டு பேர்.

ஆனால் முதலாளி லேசில் விடுகிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்க. ஆனா மொத கட்டைய அவ வச்சாள்ல? நீ வச்சப்ப ஒரு தடவகூட இப்புடி ஆனதில்லியே?"

"ஆயிருக்குது சார்."

"என்னாது?"

"போன மழைக்கு ஒரு சூளை பாதி போச்சு. மொத கட்டை வச்சது நான். கேஸ் மாத்துன மாசம் ரெண்டு சூளை கறுத்துப்போச்சு. அதுவும் நான்தான். பொறுக்குனவ நான் சார், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் வேற காரணம் சொன்னோம். என் கையச் சொல்லல. அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவ வச்சா, வேற காரணமே தேடல."

பக்கத்தில் நின்றவள் என் இடுப்பைக் கிள்ளினாள். "வாய மூடுடி, ஒனக்கு எதுக்கு வம்பு? ஒன் பொழப்புல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிறியே" என்றாள் காதுக்குள்.

"போட்டா போட்டுக்கிறேன் போடி" என்றேன், காதுக்குள் அல்ல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் இருந்திருந்தா இப்புடி ஆயிருக்காதுன்னு மொதல்ல சொன்னவ நான்தான். தெரிஞ்சு சொல்லல. திமிருல சொன்னேன். அத வச்சுத்தான் ஊரு பூரா பேசுது. எனக்குக் கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கைதான் இருக்குது."

சிலர் சிரித்தார்கள். முதலாளிக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு சமாதானமாகப் போகப் பார்த்தார். "சரி, இப்புடிப் பண்ணலாம். அடுத்த சூளைக்கும் அவளையே வைக்கச் சொல்வோம். நல்லா வந்துச்சுன்னா வேலையில இருக்கட்டும். என்ன சொல்ற?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது அவர்களுக்கு. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"வேணாம் சார். நல்லா வந்துச்சுன்னா அவளுக்குக் கைராசி இருக்குதும்பீங்க. அடுத்த தடவ கெட்டா மறுபடியும் கேட்டுக்கு வெளியில நிப்பாட்டுவீங்க. நல்லா வந்தாலும் அவ கை இல்ல, கெட்டாலும் அவ கை இல்ல. அவளுக்குப் பரீட்சை எதுக்கு? தப்பு அவ மேல இல்லன்னு கட்டையே சொல்லுதே! அவளக் கூப்புட்டு வேலையக் குடுங்க. இல்லன்னா நாளைக்கு நானும் வரமாட்டேன்."

"என்னாம்மா, மெரட்டுறியா?"

"மெரட்டல சார். ஊகமாவும் சொல்லல. நான் வரமாட்டேங்கறது நிச்சயம்."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று மதியம் போன் கையில் கிடைத்ததும், டீக்கடையில் இருந்தவளைச் சொல்லி அனுப்புகிறேன் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். சூளையில் நடந்தது இது, நான் தொட்டது இது, மற்றதெல்லாம் நான் திமிரில் சொன்னதிலிருந்து கிளம்பியது, ஸ்டாண்டில் பேசுகிறவர்களுக்கும் அனுப்புங்கள் என்றேன். வீட்டுக்காரரே முதல் ஆளாக ஸ்டாண்டு குரூப்பில் போட்டார். "நான்தான் அன்னிக்கு ஆட்டோ ஓட்டுனது" என்று கீழே ஒரு வரி வேறு, ஏதோ பெரிய சாதனை மாதிரி.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை; சாயங்காலம் முதலாளி ஆள் அனுப்பி இரண்டு பேரையும் வரச் சொன்னார். சனிக்கிழமை அவள் உள்ளே வந்தாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மேஸ்திரி "ம், அந்தப் பலகைய எடு" என்றார், அவ்வளவுதான். மதியம் சாப்பிடும்போது என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் மொதல்ல சொன்னீங்களாக்கா?"

"ஆமா."

"ஏங்கா?"

"பெருமைக்கு."

அவள் டிபனை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம். எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தால்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அடுத்த சூளைக்கு ஏற்றுகிற நாள். மேஸ்திரி கற்பூரம் கொளுத்தினார். பழக்க தோஷத்தில் ஒரு கட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"யாரு வேணா வைங்க, மேஸ்திரி."

யாரும் முன்னால் வரவில்லை. ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஒருத்தி தரையைப் பார்த்தாள். அடுத்த பழி யார் தலையில் விழும் என்ற பயம். கற்பூரம் எரிந்து முடியப் போனது. அந்த மங்களூர் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி கையில் இருந்ததை வாங்கவில்லை. பலகையிலிருந்து இரண்டு கையிலும் இரண்டிரண்டாக அள்ளி டிராலியில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து அள்ளி வைத்தேன். அப்புறம் எல்லாரும் பலகையோடு வந்துவிட்டார்கள். எது முதல் கட்டை என்று சாமிக்குத்தான் தெரியும், அந்தத் தள்ளுமுள்ளில் சாமியும் கவனித்திருக்க மாட்டார். சூளைக்கார அண்ணன் இந்த முறை சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, முழுசாக ஆறும்வரை யாரையும் கதவுப் பக்கம் விடவில்லை.

பொறுக்கினேன். ணங், ணங், ணங். நடுவில் ஒரு டொக். பிறகு பக்கத்திலேயே இன்னும் நாலைந்து டொக். எல்லாம் டிராலியின் மேல் தட்டில் ஒரே மூலையிலிருந்து வந்தவை. ஒன்றை எடுத்துத் தடவினேன். விரலில் ஒன்றும் படவில்லை. வழவழவென்று இருந்தது.

அப்படியென்றால் ஈரத்தோடு ஏற்றியது. அந்த மூலையில் ஏற்றியவள் யார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். எடுத்துச் சந்தேகத் தட்டில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. போடவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தா, தடவிப் பாரு."

தடவினாள். மறுபடி தடவினாள். அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "என்னா, என்னா ஆச்சு?" ஷெட்டில் தட்டுகிற சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து அன்றுதான் கேட்டேன்.

"நான்தான் மேஸ்திரி. மேல் தட்டு மூலை நான் ஏத்துனது. கடைசிப் பலகையக் கன்னத்துல வச்சுப் பாக்கல, அவசரத்துல வுட்டுட்டேன். அது நிச்சயம். ஈரமா இருந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

மேஸ்திரி அவள் கையிலிருந்து கட்டையை வாங்கினார். அவரும் தடவினார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

"சரி. அடுத்த தடவ வச்சுப் பாத்து ஏத்து" என்றார். கட்டையை உடைசல் கூடையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

தட்டுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவள் காய்கிற பலகைகளின் பக்கம் போனாள். ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஜில்லுன்னு இருக்குதுங்க. நாளைக்குத்தான் ஏத்தணும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.